45 பேர் கொண்ட போலீஸ் மேலாளர் சங்கத்துக்கு இத்தனை கையிருப்பு எதற்கு?

கேள்வி: 11 ஜனவரி 2025

கலிபோர்னியாவில் நான் குடியிருக்கும் நகரத்தின் போலீஸ் துறையில், லெப்டினன்ட், கேப்டன் பதவிகளில் இருப்பவர்களுக்கென்று தனியாக ஒரு சங்கம் இருக்கிறது. ஐம்பது பேர்கூடக் கிடையாது. அந்தச் சங்கம் வருமான வரித் துறைக்கு அளித்த பத்து ஆண்டு அறிக்கைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஓர் ஆண்டு வரவைப் போல மூன்று மடங்குப் பணம் கையிருப்பில் கிடக்கிறது. வருமான வரி கட்டுவதில்லை. நடுவில் சில ஆண்டுகளுக்குத் தொகை எதுவும் இல்லை. மக்களின் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் சேர்த்து வைத்திருக்கும் இந்தப் பணத்துக்கு யார் கணக்குக் கேட்பது? இது ஏமாற்று இல்லையென்றால் வேறு என்ன?

12 ஜனவரி 2025, காலை

ஏமாற்று என்று சொல்ல நீங்கள் காட்டியிருக்கும் ஆதாரம் போதாது. சிறு சங்கங்களுக்கு வரி அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்; நீங்கள் சொல்வதைப் போன்ற போலீஸ் மேலாளர் சங்கம் ஒன்றின் கணக்குப் பெட்டியும் என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. பெயர் சொல்ல முடியாது. கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வரி இல்லாததில் மர்மம் ஒன்றும் இல்லை. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(5) பிரிவு தொழிற்சங்கங்களுக்கும், வேளாண் சங்கங்களுக்கும், தோட்டக்கலைச் சங்கங்களுக்கும் வரிவிலக்குத் தருகிறது. ஆகவே போலீஸ் கேப்டன்களும் ரோஜாச் செடி வளர்ப்பவர்களும் சட்டத்தில் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். ஆனால் இது தர்ம நிறுவனங்களுக்கான விலக்கு அன்று. இந்தச் சங்கத்துக்குக் கொடுக்கும் பணத்தை நன்கொடை என்று காட்டி யாரும் வரிச்சலுகை பெற முடியாது. 2017-இல் வந்த வரிச் சட்டத் திருத்தத்துக்குப் பின், 2018 முதல், ஊழியர்கள் தங்கள் சங்கச் சந்தாவைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. உள்ளே வரும் ஒவ்வொரு டாலரும் உறுப்பினர் ஏற்கெனவே வரி கட்டி முடித்த சம்பளத்திலிருந்து வருவதுதான்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 பேர், மாதச் சந்தா 100 டாலர், சம்பளத்திலேயே பிடித்தம். ஆண்டுக்கு 54,000 டாலர். மூன்று மடங்குக் கையிருப்பு என்றால் 1,62,000 டாலர். ஓர் உறுப்பினரைப் பதவிநீக்கம் செய்ய நகராட்சி முடிவெடுத்து, அது நடுவர் விசாரணை வரை போய், வழக்கறிஞர் மணிக்கு 400 டாலர் வீதம் 150 மணி நேரம் உழைத்தார் என்று வைத்துக்கொண்டால், 60,000 டாலர் கரைந்துவிடும். ஒரே ஆளின் ஒரே வழக்கில் ஓர் ஆண்டுச் சந்தா முழுவதும் போய், மேலும் 6,000 டாலரைக் கையிருப்பிலிருந்து எடுக்க வேண்டிவரும். அதே ஆண்டில் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையும் வந்துவிட்டால் நிலைமை என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

யார் கேட்பது என்ற கேள்விக்கும் பதில் உண்டு. வருமான வரித் துறை அறிக்கையைத் தவிர, தொழிலாளர் துறைக்கும் ஒவ்வொரு சங்கமும் ஆண்டறிக்கை அளிக்கிறது. இன்னும் விரிவான கணக்கை அங்கே பார்க்கலாம்.

12 ஜனவரி 2025, இரவு

காலையில் எழுதியதின் கடைசிப் பத்தி தவறு. அதை எடுத்துவிடாமல் அப்படியே விட்டு, இங்கே திருத்துகிறேன்.

தொழிலாளர் துறைக்கு அறிக்கை அளிக்கும் கட்டாயம் 1959-ஆம் ஆண்டின் லேண்ட்ரம்–கிரிஃபின் சட்டத்திலிருந்து வருகிறது. சங்கத் தலைவர்கள் உறுப்பினர் பணத்தைக் கையாண்ட விதம் பற்றி மெக்லெல்லன் தலைமையிலான செனட் குழு விசாரித்து அம்பலப்படுத்திய பிறகு வந்த சட்டம் அது. ஆண்டு வரவு 2,50,000 டாலரும் அதற்கு மேலும் உள்ள சங்கங்கள் எல்.எம்.-2 என்ற படிவத்தில் நிர்வாகி ஒவ்வொருவருக்கும் என்ன கொடுக்கப்பட்டது என்பதையும், 5,000 டாலரும் அதைத் தாண்டியும் போகும் செலவுகள் யாருக்குப் போயின என்பதையும் தனித்தனியாக எழுத வேண்டும். அதைவிடச் சிறிய சங்கங்களுக்குச் சுருக்கமான படிவங்கள் உண்டு. ஆனால் மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களை மட்டுமே கொண்ட சங்கங்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. நகரப் போலீஸ் மேலாளர் சங்கம் அப்படிப்பட்டது. ஆகவே ஒரு தச்சர் சங்கமோ லாரி ஓட்டுநர் சங்கமோ காட்ட வேண்டிய விவரத்தில் கால்பங்கைக்கூட இது காட்ட வேண்டியதில்லை. வெளியாளுக்கு இருக்கும் பெரிய ஜன்னல் வருமான வரித் துறையின் 990 வகைப் படிவம்தான். அது சிறிய ஜன்னல்தான்.

எனவே உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது என்பதைக் காலையில் இருந்ததைவிட இப்போது அதிகமாக ஒப்புக்கொள்கிறேன்.

14 ஜனவரி 2025

மேலாளர்களுக்கு எதற்குச் சங்கம், அவர்கள் நிர்வாகத் தரப்பு அல்லவா என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். தனியார் தொழிலில் அந்தக் கேள்வி சரி. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் மேற்பார்வையாளர்களைப் பற்றித் தெளிவாகப் பேசவில்லை. 1947-இல் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் அவர்களை வெளியே தள்ளியது. ஆனால் அந்தச் சட்டமே மாநில, நகராட்சி ஊழியர்களுக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவின் உள்ளாட்சி ஊழியர்களுக்கு 1968-இல் வந்த மேயர்ஸ்–மிலியஸ்–பிரவுன் சட்டம்தான் அடிப்படை. அது மேலாளர்களையும் சங்கம் அமைக்க விடுகிறது. சிப்பாய்களும் சார்ஜென்ட்களும் இருக்கும் பெரிய சங்கத்திலேயே இவர்கள் ஏன் சேர்ந்திருக்கக் கூடாது என்றால், ஒரு சிப்பாயின் மீது ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரை எழுதுகிறவரே ஒரு லெப்டினன்ட்தான். எழுதியவரும் எழுதப்பட்டவரும் ஒரே சங்க வழக்கறிஞரின் வாசலில் உட்கார முடியாது. பெரிய நகரங்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கேப்டனும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத் தனிச் சங்கம். நியூயார்க்கில் சார்ஜென்ட்டுக்கு ஒன்று, லெப்டினன்ட்டுக்கு ஒன்று, கேப்டன்களுக்கு ஒன்று என்று அடுக்கடுக்காக இருக்கிறது.

இந்தப் பிரிவினையின் விலை கணக்கில் தெரியும். ஆயிரம் பேர் சங்கத்தில் ஒரு வழக்கின் செலவு தலைக்குச் சில பத்து டாலர். 45 பேர் சங்கத்தில் அதே செலவு தலைக்கு ஆயிரத்துக்கு மேல். வழக்கறிஞர் சிறிய சங்கம் என்று பார்த்து மணிக்கணக்கைக் குறைத்துக்கொள்வதில்லை.

15 ஜனவரி 2025

"நடுவில் சில ஆண்டுகளுக்குத் தொகை இல்லை" என்று நீங்கள் சொன்னதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. மறைத்தார்கள் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் அதற்குச் சாதாரணமான காரணம் ஒன்று இருக்கலாம்.

மொத்த வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்பு 990-என் என்ற மின்னஞ்சலட்டையை மட்டும் அனுப்பினால் போதும். அதில் பெயர், முகவரி, பொறுப்பாளர் ஒருவரின் பெயர், வரவு 50,000 டாலருக்குள் என்ற உறுதி ஆகியவற்றைப் போல ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேற்பட்ட விவரங்கள்தான் இருக்கும். வரவும் இல்லை, செலவும் இல்லை, கையிருப்பும் இல்லை. வழக்கமாக என்ற சொல்லுக்கு மூன்று ஆண்டுச் சராசரி என்று பொருள். அந்த எல்லையைத் தாண்டினால், மொத்த வரவு 2,00,000 டாலருக்கும் சொத்து 5,00,000 டாலருக்கும் குறைவாக உள்ளவரை 990-ஈஇசட் என்ற நான்கு பக்கப் படிவம். அதற்கு மேல் முழு 990.

மாதிரிக் கணக்குக்குத் திரும்புவோம். 45 பேர் இருந்தால் 54,000 டாலர். தொகைகளோடு 990-ஈஇசட் வரும். நகராட்சி காலி இடங்களை நிரப்பாமல் விட்டு உறுப்பினர் 38 ஆகக் குறைந்தால் 45,600 டாலர். அது நீடித்தால் அஞ்சலட்டை. மறுபடி பதவி உயர்வுகள் வந்து 46 ஆனதும் தொகைகள் திரும்பத் தோன்றும். ஏழெட்டு நாற்காலி காலியானதால் ஏற்பட்ட இருட்டைச் சதி என்று வாசித்துவிடக் கூடாது. இன்னும் பழைய ஆண்டுகளுக்குப் போனீர்களானால் எல்லைகளே மாறியிருக்கும்: அஞ்சலட்டைக்கான எல்லை 25,000 டாலராக இருந்து 2010-ஆம் வரியாண்டு முதல் 50,000 ஆயிற்று, 990-ஈஇசட்டின் மேல் எல்லையோ 2008-க்குப் பத்து லட்சம், 2009-க்கு ஐந்து லட்சம், 2010 முதல் இரண்டு லட்சம் டாலர் என்று படிப்படியாக இறங்கியது. ஒரே சங்கம் ஒன்றுமே மாறாமல் இருந்தும் வேறுவேறு படிவங்களில் தோன்றியிருக்க முடியும்.

15 ஜனவரி 2025, சற்றுப் பின்

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: இருட்டான ஆண்டுகளுக்கு இரு பக்கமும் உள்ள கையிருப்பை ஒப்பிட்டால், நடுவில் என்ன நடந்தது என்பதன் மொத்த விளைவாவது தெரிந்துவிடும். இருட்டுக்கு முன் ஆண்டு முடிவில் 1,50,000. வெளிச்சம் வந்த ஆண்டின் தொடக்கத்தில் 1,10,000 என்றால், 40,000 டாலர் போன இடத்தைக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. கேள்வியை அங்கே வையுங்கள்.

18 ஜனவரி 2025

பல ஆண்டுக் கணக்கை வரிசையாக வாசிப்பதில் நானே முதலில் செய்த தவறுகளைச் சொல்கிறேன்.

முதல் தவறு ஆண்டு. படிவத்தின் தலையில் 2019 என்று இருந்தால் 2019-இல் தொடங்கும் கணக்காண்டு என்று பொருள். நகராட்சியைப் பின்பற்றி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிக்கும் சங்கத்துக்கு, 2019 படிவத்தின் பாதி 2020-இல் நடந்தது. கொரோனா காலத்தில் கூட்டச் செலவு குறையவில்லையே என்று ஒரு சங்கத்தைச் சந்தேகப்பட்டு, பிறகு தலைப்பைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டாவது, ரொக்க முறைக் கணக்கு. மே மாதம் அனுப்பிய வழக்கறிஞர் பில்லை ஜூலையில் கொடுத்தால் செலவு அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். அதனால் ஓர் ஆண்டு உபரி, மறு ஆண்டு பற்றாக்குறை என்று பல் வரிசை போலத் தெரியும். மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

மூன்றாவதுதான் பெரியது. வரவு முழுவதும் சங்கத்தின் பணம் என்று நினைத்திருந்தேன். பல சங்கங்களில் மாதப் பிடித்தத்தின் ஒரு பகுதி சட்டப் பாதுகாப்புத் திட்டத்தின் பங்காகவோ, ஊனக் காப்பீட்டின் தவணையாகவோ உள்ளே வந்து அப்படியே வெளியே போகிறது. சங்கம் வெறும் வாய்க்கால். 100 டாலரில் 40 டாலர் இப்படிப் போகிறது என்று வைத்தால், சங்கத்தின் கைக்கு உண்மையில் வருவது ஆண்டுக்கு 32,400 டாலர்தான். வெளியே போகும் அந்தப் பணத்தை ஒரு பொருளாளர் 990-ஈஇசட் படிவத்தின் செலவுப் பகுதியில் 11-ஆம் வரியில், உறுப்பினருக்கான பயன்கள் என்று எழுதுவார். அடுத்து வந்தவர் 16-ஆம் வரியில், பிற செலவுகள் என்று எழுதுவார். வெளியாள் பார்த்தால் ஒரே ஆண்டில் பிற செலவு மூன்று மடங்கானது போல இருக்கும். ஆள் மாறியதைத் தவிர வேறொன்றும் நடந்திருக்காது.

13-ஆம் வரியை, அதாவது தொழில்முறைக் கட்டணங்களை, விரல் வைத்துப் படியுங்கள். சங்கத்தின் நாடித்துடிப்பு அங்கே இருக்கிறது. நகராட்சிகள் தள்ளாடிய காலத்தில், 2008 மே மாதம் வாலேஹோ, 2012-இல் ஸ்டாக்டன், சான் பெர்னார்டினோ என்று கலிபோர்னிய நகரங்கள் திவால் மனு கொடுத்த அந்த ஆண்டுகளில், திவாலாகாத ஊர்களிலும் ஊதியக் குறைப்பு பேசப்பட்டது; என் மேசைக்கு வந்த பெட்டியில் அந்தக் காலத்து 13-ஆம் வரி மற்ற எல்லாச் செலவையும் சேர்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. பிறகு பல ஆண்டுகள் அது உறங்கியது. உறங்கிய ஆண்டுகளில்தான் கையிருப்பு வளர்ந்தது. நீங்கள் பார்த்த பத்தாண்டு பெரும்பாலும் அந்த உறக்கம்.

18 ஜனவரி 2025, இரவு

படிவத்தில் வட்டி வரவைக் காட்டும் வரியையும் பாருங்கள். 1,60,000 டாலர் 0.1 விழுக்காட்டில் தருவது ஆண்டுக்கு 160 டாலர். ஒரு கூட்டத்தின் காபிக்கே போதாது. 2022 மார்ச் முதல் மத்திய வங்கி வட்டியை ஏற்றி 2023 ஜூலையில் 5.25–5.50 விழுக்காட்டில் நிறுத்தியது. அந்த நேரம் 4 விழுக்காட்டு வைப்பில் போட்டிருந்தால் 6,400 டாலர், அதாவது ஐந்து பேருக்கு மேற்பட்டவர்களின் ஆண்டுச் சந்தா. 2023-க்குப் பிறகும் வட்டி வரியில் நூற்றுக்கணக்கில்தான் தொகை இருக்கிறதென்றால், அந்தச் சங்கத்தில் திருடன் யாரும் இல்லை, பொருளாளரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

19 ஜனவரி 2025

மேலே பொருளாளர் இல்லை என்று கேலியாக எழுதிவிட்டேன். அது கேலிக்குரியது அன்று, சொல்லிவிடுகிறேன்.

இந்த வேலையை ஏற்கிறவர் கடைசியாகப் பதவி உயர்வு பெற்ற லெப்டினன்ட். கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததால் பெயர் முன்மொழியப்பட்டவர். இரவுப் பணியும் பார்த்துக்கொண்டு, வங்கிக் கையெழுத்தை மாற்ற மூன்று முறை வங்கிக்கு நடப்பார். இரண்டு ஆண்டில் கேப்டனாகவோ ஓய்வுபெற்றோ போய்விடுவார். பெட்டியை அடுத்தவரிடம் கொடுக்கும்போது கடவுச்சொல்லைக் கொடுக்க மறந்துவிடுவார். என்னிடம் வந்த பெட்டி அட்டைப் பெட்டிதான். அதில் ஆதாரச் சீட்டுகளோடு ஒரு கைவிலங்குச் சாவியும் இருந்தது. தொலைபேசியில் கேட்டேன், அது யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

2006-இல் வந்த ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பிரிவின்படி, மூன்று ஆண்டு தொடர்ந்து அறிக்கை அளிக்காத அமைப்பின் வரிவிலக்கு யாரும் உத்தரவு போடாமலே இரத்தாகிவிடும். 2011 ஜூனில் வருமான வரித் துறை வெளியிட்ட முதல் பட்டியலில் ஏறத்தாழ 2,75,000 அமைப்புகள் இருந்தன. அஞ்சலட்டை அனுப்ப மறந்த சின்னச் சங்கங்கள் அவற்றில் ஏராளம். என்னிடம் வந்த சங்கம் இரண்டு ஆண்டு விட்டுவிட்டு, மூன்றாவது ஆண்டின் கெடுவுக்குப் பதினோரு நாள் முன்பு வந்தது. வீட்டு வாசலில் நின்று வாரண்டு படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்பத் தெரியவில்லை என்று என் மேலதிகாரி சொன்னார். அதே வாரம் எங்கள் அலுவலகமே வேறொரு வாடிக்கையாளரின் கெடுவைத் தவறவிட்டதால் நான் சிரிக்கவில்லை.

23 ஜனவரி 2025

பிற செலவுகளில் ஓய்வுபெறுகிறவர்களுக்கான நினைவுப் பலகைகளுக்கு இவ்வளவா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், அவ்வளவுதான் ஆகும். மரம், பித்தளை, பழைய பேட்ஜ், கண்ணாடிச் சட்டம். ஐந்து பேர் ஓய்வுபெறும் ஆண்டில் அந்த வரி உயரும். அதை வைத்தே எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிவிடலாம்.

26 ஜனவரி 2025

நான் முதல் நாள் எழுதியதில் ஒரு தொனி எனக்கே பிடிக்கவில்லை. கையிருப்பு பெரிதாக இருப்பதற்கு நியாயம் சொன்னேன். அந்த நியாயம் இன்றும் நிற்கிறது. ஆனால் அதைச் சொல்லும்போது, போலீஸ் அதிகாரிகள் சங்கத்தில் பணம் களவுபோகாது என்பதுபோல எழுதிவிட்டேன்.

நியூயார்க் சார்ஜென்ட்கள் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 முதல் 2021 வரை அதன் தலைவராக இருந்த எட்வர்ட் முல்லின்ஸ், 2017-க்கும் 2021-க்கும் இடையில் பொய்யான செலவுக் கணக்குகளைக் கொடுத்துச் சங்கப் பணத்தில் சுமார் 6,00,000 டாலரை எடுத்துக்கொண்ட வழக்கில், 2023 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஆகஸ்டில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. சொந்த விருந்துச் செலவுகள் சங்க அலுவல் என்று எழுதப்பட்டிருந்தன. பணியிலும் ஓய்விலும் இருக்கும் பல ஆயிரம் சார்ஜென்ட்களின் சங்கம் அது. தொழிலே துப்புத் துலக்குவதாக உள்ள ஆயிரக்கணக்கானோர் சந்தா கட்டிக்கொண்டிருந்தும் அது நான்கு ஆண்டுக்கு மேல் ஓடியது.

45 பேர் சங்கத்தில் அவ்வளவு தொகை இல்லை என்பது ஆறுதல் ஆகாது. அங்கே சோதிக்கிறவரும் சோதிக்கப்படுகிறவரும் ஒரே தாழ்வாரத்தில் வேலை பார்க்கிறார்கள். இன்றைய பொருளாளர் நாளை உங்கள் பணி மதிப்பீட்டை எழுதும் கேப்டனாக இருக்கலாம். வவுச்சரைக் காட்டுங்கள் என்று கேட்க ஒரு லெப்டினன்ட் தயங்குவதற்கு அது போதும். நான் பார்த்த பெட்டியில் காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற விதி இருந்தது. இரண்டாவது கையெழுத்து முன்கூட்டியே போடப்பட்ட பன்னிரண்டு வெற்றுக் காசோலைகளும் இருந்தன. யாரும் எதையும் திருடியிருக்கவில்லை. நான் அவற்றை எண்ணிக் கிழித்து, கிழித்ததற்கு ஒரு குறிப்பு எழுதி உள்ளே வைத்தேன்.

ஆகவே உங்கள் சந்தேகத்தைக் கையிருப்பின் அளவின் மேல் வைக்காதீர்கள் என்பதை மட்டும் திரும்பச் சொல்கிறேன். களவு நடக்கும் சங்கத்தில் கையிருப்பு குவிந்து கிடக்காது, இளைத்துக்கொண்டே போகும்.

27 ஜனவரி 2025

ஜேனஸ் தீர்ப்பால் வரவு விழுந்திருக்குமா என்று கேட்டதற்குச் சுருக்கமாக: 2018 ஜூன் 27-இல் உச்ச நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்பு, உறுப்பினராகாத அரசு ஊழியரிடம் கட்டாயக் கட்டணம் பிடிப்பதை நிறுத்தியது, 1977-இன் அபூட் தீர்ப்பை அது கவிழ்த்தது. நான் பார்த்த கணக்கில் அதன் சுவடு இல்லை, ஏனென்றால் அங்கே சேராதவர் என்று யாரும் இருந்ததில்லை. சட்டப் பாதுகாப்பு இல்லாமல் அந்தப் பதவியில் ஒரு நாள் உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

2 பிப்ரவரி 2025

ஒரு வாரமாக மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். கையிருப்பு எதற்கு என்று நாம் பேசினோம். அது யாருடையது என்று பேசவில்லை.

கலிபோர்னியாவில் 1999-இல் வந்த சட்டத்தைத் தொடர்ந்து பல நகரங்கள், 50 வயதில் பணியாண்டு ஒன்றுக்கு 3 விழுக்காடு என்ற ஓய்வூதியக் கணக்கைப் போலீஸாருக்கு ஏற்றுக்கொண்டன. 2013 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது 57 வயதில் 2.7 விழுக்காடு வரைதான். இன்று லெப்டினன்ட்களாகவும் கேப்டன்களாகவும் இருப்பவர்களில் மிகுதியானவர்கள் பழைய கணக்கில் வந்தவர்கள். நாற்பதுகளின் நடுவில் லெப்டினன்ட் ஆகி, ஐம்பதுகளின் தொடக்கத்தில் வீட்டுக்குப் போகிறார்கள். மேலாளர் சங்கத்தில் ஒருவர் இருப்பது ஏழெட்டு ஆண்டு. எட்டு ஆண்டில் அவர் 9,600 டாலர் கட்டியிருப்பார். வழக்கு எதுவும் வராவிட்டால் அதில் பெரும்பகுதியை உள்ளேயே விட்டுவிட்டுப் போகிறார். மொய் எழுதினால் நம் வீட்டு விசேஷத்தில் திரும்ப வரும். இங்கே திரும்ப வராது. 501(சி)(5) விதிகளின்படி சங்கத்தின் நிகர வருவாய் எந்த உறுப்பினரின் தனிப்பட்ட கைக்கும் போகக் கூடாது என்பதால், போகும்போது என் பங்கைக் கொடு என்று கேட்கவும் முடியாது.

அப்படியானால் நம் மாதிரிக் கணக்கின் 1,62,000 டாலரில் பெரும்பகுதி இன்றைய 45 பேருடைய பணமே அன்று. அது போனவர்களுடையது. போனவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை, வாக்களிப்பதில்லை, கணக்கும் கேட்பதில்லை. யார் கேட்பது என்ற உங்கள் முதல் கேள்வி எனக்கு இப்போதுதான் சரியாகப் புரிந்திருக்கிறது. மக்கள் வரிப்பணம் என்ற காரணத்தால் நீங்கள் கேட்டீர்கள், நான் அந்தக் காரணத்தை மறுப்பதிலேயே கவனமாக இருந்துவிட்டேன்.

இதனால் இரண்டு விதமான பொருளாளர்கள் உருவாகிறார்கள். ஒருவர், இது நாம் சேர்க்காத பணம், தொடக் கூடாது என்று பூட்டி வைப்பார். வட்டி வரி 160 டாலரில் நிற்பது இவர் காலத்தில். மற்றவர், இது யாருக்கும் சொந்தமில்லாத பணம், தாராளமாக இருக்கலாம் என்று ஆண்டுக் கூட்டத்தைக் கடற்கரை விடுதியில் வைப்பார். படிவங்களை வரிசையாக அடுக்கினால் இந்த இருவரும் மாறி மாறி ஆண்டதை வம்சாவளி போலப் படித்துவிடலாம்.

3 பிப்ரவரி 2025

நேற்றைய குறிப்பில் 9,600 டாலர் உள்ளேயே இருப்பதாக எழுதியது, நானே ஜனவரி 18-இல் சொன்ன வாய்க்கால் விஷயத்தை மறந்து எழுதியது. 100-இல் 40 வெளியே போனால் எட்டு ஆண்டில் சங்கத்தின் கையில் நிற்பது 5,760 டாலர். அதிலும் பலகையும் காபியும் படிவக் கட்டணமும் போக வேண்டும். வாதம் மாறவில்லை, தொகை சுருங்கியது.

9 பிப்ரவரி 2025

நான் வேலை பார்த்த சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒருமுறை கணக்கை விளக்கப் போயிருந்தேன். கையிருப்பு அதிகமாகிவிட்டது, ஆறு மாதம் சந்தாவை நிறுத்திவைக்கலாம் என்று இளைய லெப்டினன்ட் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு மாதத்தில் ஓய்வுபெறவிருந்த கேப்டன் ஒருவர் எழுந்து, தான் இனி அனுபவிக்கப் போவதில்லை என்றாலும் பின்னால் வருகிறவர்களுக்காக ஒரு டாலரும் குறையக் கூடாது என்று உருக்கமாகப் பேசினார். தீர்மானம் தோற்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெருந்தன்மையைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். முதல் நாள் உங்களுக்கு நான் எழுதிய பதிலின் தொனியும் அங்கிருந்து வந்ததுதான்.

அடுத்த ஆண்டுப் பெட்டி வந்தபோது 13-ஆம் வரிக்கான பில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். 2021-இல் கையெழுத்தான எஸ்.பி. 2 என்ற மாநிலச் சட்டம், கடுமையான தவறு செய்த போலீஸ் அதிகாரியின் தகுதிச் சான்றையே பறிக்க வழி செய்கிறது. அப்படிப்பட்ட புகார் இருந்தால், அதிகாரி வேலையை விட்டுப் போன பிறகும் துறை விசாரணையை முடித்தாக வேண்டும். பில்களில் நான்கு அந்த வகை. நான்கும் ஒரே கோப்பு எண். கேப்டன் பேசிய கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே அந்தக் கோப்பு திறக்கப்பட்டிருந்தது.

பில்கள் முறையானவை. விதிப்படி அவருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. நான் 13-ஆம் வரியில் சேர்த்துக் கூட்டினேன். அந்த ஆண்டு கையிருப்பு 31,000 டாலர் குறைந்தது.